மூன்றுக்கு மூன்று

தம்பி தொப்பியைக் கழற்றாமலே வந்து எதிரில் உட்கார்ந்தான். மேசையின் மேல், பழைய கையுறையில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. அவன் கண் முதலில் அதில்தான் விழுந்தது.

"அவங்க மெக்கானிக் குடுத்தானாமே. தளம் பூரா இதே பேச்சு."

அண்ணன் ஆமாம் என்றார்.

கூட்டுப் பயிற்சி நேற்றோடு முடிந்திருந்தது. விருந்தாளி நாட்டுக்காரர்கள் தங்கள் புதுப் போர் விமானத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். ரேடாரில் விழாது என்று சொல்லி ஊரெல்லாம் விற்கிற விமானம். அதை எதிர்த்து அண்ணன் பறந்தது, முப்பத்தெட்டு வருடப் பழைய விமானத்தில். படைப்பிரிவில் அதற்குக் கிழவி என்று பெயர்.

மூன்று நாள், மூன்று மோதல். குண்டு கிடையாது. யார் மற்றவரை ரேடாரில் முதலில் பிடித்துப் பொத்தானை அழுத்துகிறாரோ அவர் ஜெயித்ததாகக் கணக்கு. மூன்று முறையும் கிழவிதான் பிடித்தாள்.

மூன்றாம் நாள் இறங்கியதும் தம்பியும் மற்ற விமானிகளும் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கழுத்து வலிக்கிறது என்றதும் இறக்கிவிட்டார்கள்.

இன்று காலை அவர் அறிக்கை கொடுத்தார். பழைய விமானம் புதியதோடு இனி மோத முடியாது, பிரிவை எல்லைக்கு அனுப்பக் கூடாது என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமை கிளம்ப இருந்த பிரிவு அது. எல்லைக்கு அப்பால் இருப்பவர்களும் அதே புது விமானத்தை வாங்கியிருந்தார்கள். மதியத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. பதினெட்டு கிழவிகளும் கொட்டகையிலேயே நிற்கும். அதில் ஒன்று தம்பியுடையது.

"அறிக்கைய முழுசாப் படிச்சியா?" என்றார் அண்ணன்.

கடைசிப் பக்கம் மட்டும் கைக்கு வந்தது என்றான். அதுவே போதும் என்றான்.

"மூணுக்கு மூணு ஜெயிச்சவன் தோத்தேன்னு எழுதிக் குடுத்த கதைய நீ எங்கயாச்சும் கேட்டிருக்கியாண்ணே?"

அண்ணன் தம்ளரைப் பிடித்தபடி இருந்தார். டீயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வானில் பல வருடம் வேகத்தில் வளைந்து திரும்பியதில் அவருடைய கழுத்தெலும்பு தேய்ந்து, வலது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போயிருந்தன. அதை மருத்துவரிடம் நேற்று மாலைதான் சொன்னார். இனி பறக்க முடியாது என்று மருத்துவர் எழுதிவிட்டார்.

அண்ணி வந்தாள். கொதிக்கும் தம்ளரை எடுத்து அவருடைய இடது கையில் கொடுத்தாள்.

தம்பி அடுக்கிக்கொண்டே போனான். மூன்று நாளும் விடிகிற நேரத்தில் அண்ணன் விருந்தாளிகளின் கொட்டகைக்குப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஏணியில் நின்று விமானத்தின் முதுகில் எதையோ திருகி முடுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக்கோடு பேசினாராம். எதிராளி விமானத்தில் அவருக்கு என்ன வேலை?

"அவரு வாடகைக் காரையே ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுதான் ஏறுவாரு" என்றாள் அண்ணி. "சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க."

தம்பி சிரிக்கவில்லை.

"கிழவி தேறமாட்டான்னு நீ எழுதினா யாருக்கு லாபம்? அவங்க விமானம் விக்கும். நமக்குத்தான் விப்பாங்க. பொட்டலம் எதுக்குன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மணி என்ன என்பதை மறந்தவர்போல மறுபடியும் பார்த்தார்.

"உனக்குக் கழுத்து போச்சு. இனி ஏற விடமாட்டாங்க. சரி. அதுக்காக எங்க றெக்கையையும் வெட்டணுமா?"

அண்ணி அவனைப் பெயர் சொல்லி அதட்டினாள். அவன் தலைகுனிந்தான். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

"பிரிச்சுப் பாரு" என்றார் அண்ணன்.

தம்பி கையுறையை உதறினான். பாதி எலுமிச்சம்பழம் அளவில் ஒரு சாம்பல் நிறக் குமிழ் மேசையில் விழுந்தது. ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. அடியில் திருகாணிக்கு இரண்டு துளைகள். அவன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"இவ்வளவுதானா உன் விலை?"

விரிசல் விட்டதால் மெக்கானிக் குப்பையில் போட இருந்தான், தான்தான் கேட்டு வாங்கினேன் என்றார் அண்ணன். அந்த விமானத்தின் முதுகிலும் வயிற்றிலுமாக இப்படி நான்கு இருக்குமாம். மூன்று நாளும் காலையில் அவன் முடுக்கியது இதைத்தான்.

"எதுக்கு?"

"ரேடார்ல தெரியறதுக்கு. பயிற்சியில ஒண்ணோட ஒண்ணு மோதிடக் கூடாதுல்ல."

தம்பியின் கை நின்றது. குமிழை மெதுவாக மேசையில் வைத்தான். பிறகு தொப்பியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான். அண்ணி தட்டுகளை எடுத்து வந்து, அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"அப்போ மூணு தடவையும் கிழவி பிடிச்சது..." என்று ஆரம்பித்தான் தம்பி.

அண்ணன் மரத்த விரல்களால் குமிழை எடுத்து, கையுறைக்குள் திரும்பப் போட்டார்.

"சண்டைக்கு இதைக் கழட்டிட்டு வருவாங்கடா."