ஒரு பாடம் குறையுது

“பொண்ணு வரலியா? இன்னிக்கும் நீங்கதானா?”

கறார் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்தில் விசாரணை கவுண்டர் அவருடையது. ‘கறார்’ என்ற பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. சொந்த அக்கா மகனுக்கே ஒரு பாடம் குறைகிறது என்று கைவிரித்த மனுஷன். அக்கா இன்னும் அவரோடு பேசுவதில்லை.

“நானே கேட்டுட்டுப் போயிடறேன் சார்” என்றாள் தையல்காரம்மா. கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். நேற்று மார்க் ஷீட் இல்லாமல் வந்து திரும்பியவள்.

“சேரப் போறது நீங்களா, உங்க பொண்ணா? நாளைக்கு ஹாஸ்டல்லயும் நீங்கதான் போய்ப் படுக்கப் போறீங்களா?”

வரிசையில் சிரிப்பு.

“எல்லாம் செல்லம் சார்” என்றார் பின்னால் மகனோடு நின்றிருந்த ஒரு கனத்த மனிதர். “சோத்தையும் இவங்களே மென்னு குடுப்பாங்க போல!”

அவளும் ஒப்புக்குச் சிரித்தாள். மார்க் ஷீட்டுகளை ஜன்னல் வழியே நீட்டினாள்.

“தகுதி இருக்கா, இல்லையா... அதை மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க சார்.”

கறார் விரலால் ஒவ்வொரு வரியாக ஓட்டினார். மார்க் ஒவ்வொன்றும் தொண்ணூறுக்கு மேல்.

“கணக்கு மூணு வருஷமும் இருக்கு. மொழிப்பாடம் ரெண்டும் இருக்கு. வரலாறு இருக்கு...” விரல் நின்றது. “அறிவியல்தான் இடிக்குது.”

“ஏன் சார்?”

“லேப்ல செய்முறையோட ரெண்டு வருஷம் படிச்சிருக்கணும். உயிரியல் சரி. அடுத்த வருஷம் வேதியியலைப் பாதியில விட்டுட்டுப் புவி அறிவியல் எடுத்திருக்கா. அது வெறும் ஏட்டுப் பாடம். கணக்குல வராது.”

“அதுலயும் நல்ல மார்க்தானே சார்...”

“நூத்துக்கு நூறே வாங்கட்டும். விதி விதிதான்.”

“அப்ப அவளுக்கு உடம்பு முடியல சார். லேப்ல நிக்கவே முடியல. அதான் டீச்சரே பார்த்து, உக்காந்து படிக்கற பாடமா மாத்திக் குடுத்தாங்க.”

“இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு உடம்பு முடியாமத்தான் போகுது.” தாள்களைத் திருப்பித் தள்ளினார். “தகுதி இல்ல. அந்த ஒரு பாடத்தை முடிச்சிட்டு, பொண்ணை அடுத்த வருஷம் வரச் சொல்லுங்க. அடுத்து யாருப்பா?”

அவள் நகரவில்லை. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நிச்சயமா இல்லையா சார்?”

“எத்தனை தடவைம்மா சொல்றது?”

“நகருங்கம்மா. எங்களுக்கும் வேலை வெட்டி இருக்கு” என்றார் பின்னால் நின்றவர்.

“அடுத்த வருஷம் வர்றதுக்கு அவ இல்ல சார்” என்றாள் தையல்காரம்மா. “போன மாசம் போயிட்டா.”

கறார் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

“ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு ஓயாம இதே கேள்விதான். ‘பாடமெல்லாம் சரியா இருக்காம்மா? என்னைச் சேத்துப்பாங்களா?’ன்னு. கடைசியா கண்ணைத் திறந்தப்பவும் அதையே கேட்டா. ‘விசாரிச்சுட்டேன்டி, உனக்கு இடம் உண்டு’ன்னு சொன்னேன். நான் எங்க விசாரிச்சேன்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவ சிரிச்சா சார்.”

கழுத்திலிருந்த அளவு நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“போறவகிட்டப் போய்ப் பொய்யைச் சொல்லி அனுப்பிட்டேனோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. பொய் இல்லன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சாப் போதும்னுதான் வந்தேன். வேற ஒண்ணுக்கும் இல்ல.” தாள்களைச் சேர்த்து அடுக்கினாள். “சரி சார். பொய்தான் போலருக்கு.”

கறார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“இருங்கம்மா. அதை இப்படிக் குடுங்க.”

வாங்கி மறுபடி விரித்தார். அலமாரியிலிருந்து தடித்த விதிமுறைப் புத்தகத்தை இறக்கினார். பக்கங்களைப் புரட்டினார். ஏதோ ஒரு பக்கத்தில் விரலை வைத்து நின்றார். வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றார். “விதி மாறிடுச்சு. புவி அறிவியலையும் லேப் பாடமா எடுத்துக்கலாம். எனக்குத்தான் ஞாபகம் வரல. உங்க பொண்ணுக்குத் தகுதி இருக்கு.”

“நிஜமாவா சார்?”

“இந்த மார்க்குக்கு முதல் பட்டியல்லயே பேரு வந்திருக்கும். நீங்க அவகிட்டச் சொன்னது பொய்யே இல்லம்மா.”

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு தாளின் முனை மடங்கியிருந்தது. அதைக் கவுண்டர் மேல் வைத்து நீவிவிட்டு, பைக்குள் பத்திரமாக வைத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கனத்த மனிதர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல், மகனின் தோளைப் பிடித்து அருகே இழுத்துக்கொண்டார்.

பக்கத்து கவுண்டரில் இருந்தது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். விதிமுறைப் புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருப்பவள். மெல்ல அவர் பக்கம் சாய்ந்தாள்.

“சார், அந்த விதி எப்ப மாறிச்சு? நேத்துகூட இதே பாடத்துக்கு ஒரு பையனைத் திருப்பி அனுப்பினோமே?”

கறார் புத்தகத்தை மூடினார்.

“இப்பதாம்மா” என்றார்.