வாசலில் மட்டும் நின்ற வண்டி

"முருகா, கோதண்டபாணி அந்த வண்டியை என் வாசல்ல தள்ளிக்கினு போறதைக் கண்ணால பார்த்துட்டா, மொட்டை போடறேன்!"

அவன் எனக்கு மாமன் மகன், நான் அவனுக்குப் பாவா. ஆனாலும் தன் தங்கை கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் ஆள் மூலம் கொடுத்தனுப்பினான். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.

அது போதாதென்று, சோழவரத்தில் ரேஸ் ஓடிய பழைய சீமை மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவந்து, காலையும் மாலையும் வேட்டுச் சத்தத்தோடு என் வாசலில் போனான். பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளின் பச்சைக் குழந்தை தூக்கிவாரிப் போட்டு அழுதது.

அதனால்தான் வேண்டினேன். மறுநாளே பலித்தது.

தெருமுனையில் வண்டி நின்றது. வேர்த்து வடியத் தள்ளிக்கொண்டு என் வாசலைத் தாண்டினான். அந்தக் கோடிக்குப் போய் உதைத்தான், கிளம்பிவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. ஒரு மாதமாக அப்படியே!

"பார்த்தியா கமலா? முருகன் நம்ம வாசல்ல மட்டும் மறிக்கிறாரு!"

மனைவி ஏதோ சொல்ல வந்தாள். நான் மொட்டை போட முருகன் மலைக்குக் கிளம்பிவிட்டேன்.

மொட்டையும் சந்தனமுமாக இறங்கிவந்தால் உச்சி வெயில். விட்ட இடத்தில் செருப்பைக் காணோம். பக்கத்தில் வந்து நின்றது அதே வண்டி.

"ஏறு பாவா. தார் ரோடு கொதிக்குது."

ஒன்பது வருஷ வைராக்கியம். உள்ளங்கால் கேட்கவில்லை. ஏறிவிட்டேன்.

உட்கார ஒரு சாண் இடம். முழங்கால் நெஞ்சில் இடித்தது. புகைக்குழாய் கெண்டைக்காலைச் சுட்டது.

"இடுப்பு ஒடியுதுடா!"

"எனக்குத் தினம் ஒடியுது. கொஞ்சம் பொறு."

நேர் ரோடு வந்ததும் முறுக்கினான். புது மொட்டையில் குளுகுளுவென்று காற்று! சொல்ல வெட்கம்தான், வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் முறுக்குடா!"

எங்கள் தெருமுனை வந்தது. வண்டி நின்றது.

"நின்னுபோச்சா?" சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"நிக்கல பாவா, நான்தான் நிறுத்தினேன். சத்தத்துக்குக் கொழந்தை பயந்துக்குதுன்னு கமலாக்கா குழாயடியில எங்க வூட்டுல சொல்லிச்சாம். அன்னிலேர்ந்து உன் வாசல்ல தள்ளிக்கினுதான் போறேன். உனக்குத் தெரியாதா?"

நான் மொட்டையைத் தடவிக்கொண்டே இறங்கினேன்.

அவன் இறங்கி என் தலையைப் பார்த்தான். "கொழந்தைக்காக வேண்டிக்கினு போட்ட மொட்டையா பாவா?"

"ஆங்" என்று சொல்லிவிட்டு, குனிந்து, பின்னாலிருந்து வண்டியைத் தள்ள ஆரம்பித்தேன்.