பெயருக்குப் பதில் கேள்விக்குறி

"இந்த புரோகிராம எழுதுனது யாரு? அவங்கள நான் பாக்கணும்."

வில்லியனூரில் ஆதிமூலம் நடத்தும் திருமணத் தகவல் மையத்துக்குள் நுழைந்ததுமே இப்படிக் கேட்டாள் நெட்டப்பாக்கத்துக் கலைச்செல்வி.

ஆதிமூலத்துக்கு வியர்த்துவிட்டது. போன மாதக் குளறுபடி அவருக்கு மறக்குமா? பாகூர் செல்வகுமாரியைப் பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளை வீட்டாரை, கம்ப்யூட்டர் கொடுத்த முகவரி கலைச்செல்வி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அதைச் சரிசெய்யத்தான் பிரியதர்ஷினி லேப்டாப்புடன் வந்திருந்தாள்.

"நான்தாங்க எழுதுனேன்," என்று எழுந்தாள்.

"இன்னாக்கா இது? திடீர்னு ஒரு வேன் நெறய ஆளுங்க. எங்கப்பா கழனியிலேர்ந்து சேத்துக் காலோட ஓடியாராரு. மாப்ள என்னைப் பாத்து 'செல்வகுமாரி'ங்கறாரு!"

"எனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார் ஆதிமூலம். "பேரத் தேடுனா ஸ்கிரீன்ல வெறும் கேள்விக்குறியா வந்துச்சு. அட்ரஸ் மட்டும் இங்கிலீஷ்ல நல்லா இருந்துச்சு. அப்படியே குடுத்துட்டேன். பாகூர்க்காரங்களுக்குக்கூட வேற நல்ல எடம் முடிச்சுக் குடுத்துட்டேம்மா."

"தப்பு என்னுதுதான்," என்றாள் பிரியதர்ஷினி. "பேர டேட்டாபேஸுக்கு அனுப்புற எடத்துல, வர்றது யூனிகோடுன்னு சொல்லாம வுட்டுட்டேன். அதுக்குத் தமிழ் புரியாம, எழுத்தையெல்லாம் கேள்விக்குறியா மாத்திடுச்சு. உங்க பேரும் அவங்க பேரும் ஒரே நீளம். ரெண்டும் ஒண்ணாயிடுச்சு."

"இப்ப?"

"சரிபண்ணி, எல்லார் பேரையும் மறுபடி ஏத்திட்டேன். நீங்களே பாருங்க."

கலைச்செல்வி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். 'செல்வகுமாரி' என்று தட்டினாள். பெயர் தமிழில் பளிச்சென்று வந்தது; கீழே பாகூர் முகவரி. தன் பெயரைத் தட்டினாள். நெட்டப்பாக்கம். நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறையும் தட்டிப் பார்த்தாள்.

"இனிமே அட்ரஸ் மாறவே மாறாதுல்ல?"

"சத்தியமா மாறாதும்மா," ஆதிமூலம் கைகூப்பினார். "போலீஸு, கேஸுன்னு மட்டும் போயிடாத."

"அதெல்லாம் எதுக்குங்க?" கலைச்செல்விக்கு முகமெல்லாம் வெட்கம். "அன்னிக்கு வூடு மாறி வந்தாரே, அவரத்தான் கட்டிக்கப் போறேன். கல்யாணத்துக்குள்ள மறுபடி வேற வூட்டுக்கு அனுப்பிடப் போறீங்களேன்னுதான் ஓடியாந்தேன்!"