யார் வீட்டுக் கண்

“எங்க வம்சத்துல கண்ணாடி போட்டவனே கிடையாது டாக்டர். இது இவ வீட்டு வழி. எங்க மாமனாரைப் பாருங்க, சோடாபுட்டி!”

சொல்லிவிட்டு சிட்டிபாபு மனைவியை முறைத்தான். குமுதாவோ மகள் தீபிகாவின் கண்ணில் வழிந்த நீரை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ருக்ஸானா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். தீபிகாவின் கருவிழியை நுண்ணோக்கியில் எடுத்த படம். சாம்பல் நிறத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்.

“சிக்கு விழுந்த பட்டு மாதிரி இருக்குதே!” என்றான் சிட்டிபாபு.

“அபூர்வமான வியாதி. பரம்பரையா வர்றது. பயப்படாதீங்க, வைத்தியம் இருக்குது. உங்க ரெண்டு பேர் கண்ணையும் படம் எடுத்தா, யார்கிட்டேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சிடும்.”

“இவளை எடுங்க. எடுத்து என் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்க. இந்தச் சம்பந்தமே வேணாம்னு எங்க அக்கா அப்பவே சொல்லிச்சு.”

குமுதா உட்கார்ந்தாள். சொட்டு மருந்து விட்டார்கள். மோவாயைத் தாங்கியில் வைத்து அசையாமல் இருந்தாள்.

திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

“இவங்களுக்கு ஒண்ணுமில்ல. நீங்க வாங்க.”

“எனக்கு எதுக்கும்மா? இருட்டுலயே பட்டு இழை எண்ணுற நெசவுக்காரன் நான்!”

“எண்ணுங்க. இப்ப வந்து உட்காருங்க.”

உட்கார்ந்தான். திரையில் அதே கோடுகள். மகளுடையதைவிட அடர்த்தியாக.

சிட்டிபாபு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினான். அக்காவுக்கு என்ன சொல்வது என்ற கவலை அவனுக்கு.

டாக்டருக்கு வேறு சந்தேகம். “இவ்வளவு இருந்தா எல்லாம் மங்கலாத்தானே தெரியும்? பட்டு இழை எப்படிக் கண்ணுக்குத் தெரியுது?”

“கொஞ்ச நாளா புகை மூட்டமாத்தான் இருக்குது. ஆனா கை பேசும் டாக்டர். எங்க பிள்ளையார்பாளையம் தறிக்காரங்ககிட்ட வந்து கேளுங்க. நான் நெய்ஞ்ச சேலையில ஒரு இழை பிசகுன்னு எந்த முதலாளியும் சொன்னதில்ல.”

“இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா?”

“பழக்கம்தான் டாக்டர்,” என்றாள் குமுதா அவசரமாக.

தீபிகா சிரித்துவிட்டாள். குமுதா அவள் கையை அழுத்திப் பார்த்தாள். பயனில்லை.

“ஏம்ப்பா, நீ டீக்கடைக்குப் போனதும் அம்மா தறியில உக்காந்துக்கினு எதைப் பிரிச்சுப் பிரிச்சு மறுபடி நெய்யுதுன்னு நெனச்சே?”