கோடு விழாத முதுகு

பனைமரத்தடியில் மரநாய் ஒரு கள்ளுக்கடை வைத்திருந்தது. முதுகில் இன்னும் கோடு விழாத அணில் குட்டிக்குக் கள் ஊற்றக் கூடாது என்பது காட்டுச் சட்டம். மரநாய் ஊற்றிவிட்டது. குடித்த குட்டி பனையேறி, பாதியில் தவறி விழுந்து செத்துப்போனது.

கடையை முப்பது நாள் மூடப்போவதாகக் காட்டின் நீதிபதி யானை சொன்னது. மரநாய் முறையிட ஓடிவந்தது.

"முப்பது நாள் அநியாயங்க. கள் வடியறதே வருஷத்துல மூணு மாசம்தான். அவன் எனக்கு நேரா வந்து நின்னு கேட்டான். முதுகை நான் எங்கே பார்த்தேன்? இதுவரைக்கும் என் மேல ஒரு புகார் உண்டா?"

யானை, ஓரமாக ஒடுங்கியிருந்த குட்டியின் அப்பனிடம் திரும்பியது.

"நீ சொல்லப்பா. எத்தனை நாள் மூடலாம்?"

அப்பன் அணில் ஓரடி முன்னால் வந்தது.

"மூட வேண்டாங்கய்யா. பிள்ளை போன நாள்லேருந்து அங்கே போய் ஒரு மொந்தை குடிச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

யானை தண்டனையைப் பத்து நாளாகக் குறைத்தது. அணிலின் முகத்தைப் பார்க்காமல் மரநாய் கும்பிட்டுவிட்டு நடந்தது.

"பத்து நாளா?" என்று அழுதது அணில்தான்.