பதிவுத் தபால்

ஆட்களை வேலையிலிருந்து நிறுத்த வரும் கொம்பனிகளுக்குச் சட்டம் பிசகாமல் வழி சொல்வதுதான் சட்டத்தரணி சிவகௌரிக்குப் பதினைந்து வருடத் தொழில். இன்று வந்திருந்தவர் கொடிகாமத்துப் பழச்சாறுத் தொழிற்சாலை முகாமையாளர் றயன்.

"கோபிகா எண்ட பிள்ளை சனிக்கிழமையிலையிருந்து வேலைக்கு வரேல்லை, மேடம்."

"லீவுக் கடிதம் தந்தவவோ?"

"இல்லை."

"அப்ப வேலையைக் கைவிட்டதா எழுதலாம். ஆனா பதில் சொல்ல ஏழு நாள் தவணை குடுக்கவேணும். அதுதான் நியாயம். பதிவுத் தபாலிலை அனுப்புங்கோ. முத்திரையிலை திகதி விழும், பிறகு ஒருத்தரும் மறுக்கேலாது."

கடிதம் ஐந்து நிமிடத்தில் தயாரானது. றயன் வாசித்துவிட்டுப் பிடரியைச் சொறிந்தார்.

"தவணை என்னத்துக்கு, மேடம்? அந்தப் பிள்ளை பதில் போடாது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை எங்கடை மெஷினிலை கரண்ட் அடிச்சுச் செத்திட்டுது. ஞாயிற்றுக்கிழமை செத்தவீடு. வேலை நேரத்திலை நடந்ததெண்டு தகப்பன் லேபர் ஒபிசுக்குப் போகப் போறாராம்."

சிவகௌரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. பதினைந்து வருடப் பழக்கம் அவற்றை முந்திக்கொண்டது.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, றயன். அந்தப் பிள்ளை வியாழக்கிழமையே உங்கடை ஆளில்லை எண்டு வரவேணும். வேலையாலை நிறுத்தின கடிதமா வியாழக்கிழமைத் திகதி போட்டு மாத்தித் தாறன், அண்டைக்கே கையிலை குடுத்ததெண்டு வைச்சிருங்கோ."

றயன் எழுந்தார்.

"பதிவுத் தபாலிலை மட்டும் போட்டிடாதேங்கோ," என்றாள் சிவகௌரி. "முத்திரையிலை திகதி விழும்."