கூப்பிட்டால் பேசிவிடும் கார்டு

வளர்மதியின் பர்ஸில் ஒரு வங்கிக் கார்டு குடியிருந்தது. கார்டில் பணம் வாங்கும் எந்த மிஷின் பக்கத்தில் வந்து கூப்பிட்டாலும் உடனே பதில் சொல்லிவிடும். சின்னத் தொகையென்றால் ரகசிய எண்கூடக் கேட்காமல் கொடுத்துவிடும். அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருநாள் பஸ்ஸில் சரியான கூட்டம். வளர்மதி கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பின்னால் நின்றவனின் பை, பர்ஸ் இருந்த அவளுடைய தோள்பையோடு மெல்ல வந்து ஒட்டியது. அவன் பைக்குள்ளிருந்து ஒரு மிஷின், "இருக்கியா?" என்று கேட்டது.

கார்டு காதைத் தீட்டிக்கொண்டது. இது கடை இல்லையே! வளர்மதி தன்னை வெளியே எடுக்கவும் இல்லையே!

"வாயைத் திறக்காதே," என்றது பர்ஸில் கிடந்த மாத்திரை அட்டை.

"முடியலையே! கூப்பிட்டா பேசிடுவேன். என்னை அப்படித்தான் செஞ்சிருக்காங்க. காப்பாத்துங்கக்கா!"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது. அந்தக் குலுக்கலோடு மாத்திரை அட்டை சரிந்து, தன் வெள்ளித்தாள் முதுகால் கார்டை மூடிக்கொண்டது. மிஷின் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. வெள்ளித்தாளைத் தாண்டி அந்தக் குரல் உள்ளே வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் அவன் இறங்கிப் போனான்.

மாலையில் மருந்துக்கடையில் வளர்மதி கார்டை எடுத்து நீட்டினாள். கடை மிஷின், "இருக்கியா?" என்று கேட்டது.

அச்சு அசலாக பஸ்ஸில் கேட்ட அதே குரல்.

கார்டு பதறிப்போய் வளர்மதியின் முகத்தைப் பார்த்தது. அவள் போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இருக்கேன்," என்றது கார்டு.